சிவந்த மேகம், கருத்த மேகம்

தேய்பிறை அஷ்டமி அன்று தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் சொர்ண ஆகர்ஷண பைரவர் சன்னதிக்குக் கூட்டம் நெரியும். தரிசனம் முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். தேய்பிறை அஷ்டமியில் நிலா எழுவதற்கு ஏறக்குறைய நடு ராத்திரி ஆகிவிடும். அதுவரை வானம் முழுக்க நட்சத்திரங்களுக்குத்தான். கடை விளக்குகள் முதுகுக்குப் பின்னால் போகிற வரை குடகனாற்றுப் பக்கம் நடந்தால் போதும்.

தை, மாசி மாதத்து அஷ்டமி என்றால் எட்டு, ஒன்பது மணி வாக்கில் உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். பள்ளிப் புத்தகத்தில் வேட்டைக்காரனின் இடுப்பு வார் என்று படம் போட்டிருப்பார்கள். அதற்கு வடக்கே செம்மஞ்சளாக மின்னுவது திருவாதிரை. மார்கழியில் களி கிண்டுகிறோமே, அந்தத் திருவாதிரைதான். அதன் பக்கத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று புள்ளிகள் மிருகசீரிடம். இப்போது இடுப்பு வாருக்குத் தெற்கே வாருங்கள். இன்னும் மங்கலாக ஒரு சிறு வரிசை தொங்குவது தெரியும். அதில் நடுவில் இருப்பதை உற்றுப் பாருங்கள். ஓரம் கலைந்திருக்கும். நட்சத்திரத்துக்கு ஓரம் கலையாது. அது மேகம்.

ஓரியன் நெபுலா. பெரிய நட்சத்திரங்கள் இன்றைக்கும் பிறந்துகொண்டிருக்கும் இடங்களில் பூமிக்கு மிகப் பக்கத்தில் இருப்பது. பக்கம் என்றால் சுமார் 1,300 ஒளியாண்டு. இன்று நம் கண்ணில் விழுகிற அதன் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பிகள் பாறையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். மொட்டை மாடியில் பைனாகுலரைக் கையில் கொடுத்து இந்த இடத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, இதுவா? போன்ல பார்த்தப்ப செவப்பும் ஊதாவுமா இருந்துச்சு. இது சாம்பலா இருக்கு."

"அதேதான்டா. அந்தப் படத்துல இருக்கிறதும் இதுதான்."

"அப்ப அந்தப் படம் பொய்யா?"

மாடியில் நின்றபடி ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. அவனுக்காகவும், இதே கேள்வி உள்ளவர்களுக்காகவும்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சிவப்பு. இந்த மேகங்களின் எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன். ஓரியன் நெபுலாவின் நடுவில் நான்கு இளம் நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கின்றன. சின்னத் தொலைநோக்கி இருந்தால் நான்கையும் தனித்தனியாக எண்ணலாம். அவற்றில் பெரியதன் மேற்பரப்பு வெப்பம் கிட்டத்தட்ட 40,000 டிகிரி. நம் சூரியனுக்கு 5,500தான். அவ்வளவு சூட்டில் அது கொட்டுகிற புற ஊதாக் கதிர்கள் சுற்றியிருக்கும் ஹைட்ரஜன் அணுக்களிடமிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எறிகின்றன. பிரிந்த எலெக்ட்ரான் மறுபடி ஒரு அணுவில் சேரும்போது படிப்படியாகக் கீழே இறங்குகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்குகிற நேரத்தில் ஒரு சிவப்பு ஒளி வெளிப்படுகிறது. அதன் அலைநீளம் 656.3 நானோமீட்டர். அண்டத்தில் எந்த மூலையில் இருக்கும் ஹைட்ரஜனுக்கும் இதே சிவப்பு, இதே எண். எச்-ஆல்ஃபா என்று பெயர்.

இந்தச் சிவப்பு நம் மாவட்டத்துக்கு நெடுநாள் பழக்கம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். சாதாரண வெளிச்சத்தில் எடுத்தவை ஒரு வரிசை, கால்சியத்தின் ஊதாக் கோட்டில் எடுத்தவை இன்னொன்று, இந்த எச்-ஆல்ஃபா சிவப்பில் எடுத்தவை மற்றொன்று. சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தீநாக்குகள் ஓரியன் மேகம் ஒளிரும் அதே 656.3-ல்தான் ஒளிர்கின்றன. அந்த ஆய்வகம் அங்கே வந்ததற்குப் பின்னால் தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. 1876-லிருந்து தெற்கே லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தபோது, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடப்பதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற யோசனை அரசாங்கத்துக்கு வந்தது. மிச்சி ஸ்மித் என்பவர் பழனி மலையையும் நீலகிரியையும் சுற்றிப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-ல் வேலை தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை நிறமாலையில் கண்டுபிடித்ததும் அங்கேதான். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் படகுச் சவாரியோடு திரும்பாமல் ஆய்வகத்துக்கும் ஒரு நடை போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து பச்சை. இதற்கு ஒரு கதையே இருக்கிறது, அதற்குள்ளும் நம் பக்கத்துச் சம்பவம் ஒன்று வருகிறது. 1864-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்தார். வானவில் மாதிரித் தொடர்ச்சியாக வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் தனித்தனிக் கோடுகள் சிலவே தெரிந்தன. அந்த நெபுலா வெறும் வாயு என்பது அன்றைக்கு உறுதியானது. அந்தக் கோடுகளில் பிரகாசமான பச்சை ஒன்று பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை.

நான்கு வருடம் கழித்து, 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். அன்று மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் காத்திருந்தார். மசூலிப்பட்டணத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன். சூரியனின் தீநாக்குகளில் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு மஞ்சள் கோடு. அதைப் புதுத் தனிமம் என்று முடிவு செய்து ஹீலியம் என்றார்கள். 1895-ல் பூமியிலேயே ஹீலியம் கிடைத்துவிட்டது. அப்படியானால் நெபுலாவின் பச்சைக் கோட்டுக்கும் ஒரு புதுத் தனிமம் இருக்கத்தானே வேண்டும்? நெபுலியம் என்று பெயரும் வைத்தாயிற்று. தனிம அட்டவணை நிரம்பிய பிறகும் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

1927-ல் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார். அது ஆக்சிஜன். நாம் மூச்சு விடுகிற அதே ஆக்சிஜன், இரண்டு எலெக்ட்ரானை இழந்த நிலையில். இங்கே அந்தப் பச்சை தெரியாததற்குக் காரணம் நெரிசல். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 2-க்குப் பின்னால் 19 பூஜ்யம் போட்டால் வருகிற அளவுக்கு மூலக்கூறுகள் உண்டு. ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருப்பதால், அந்தப் பச்சை ஒளியை வெளியிடும் அவகாசம் ஆக்சிஜனுக்குக் கிடைப்பதில்லை. ஓரியன் நெபுலாவில் அதே இடத்தில் சில ஆயிரம் அணுக்கள் மட்டுமே. இடிக்க ஆளில்லாமல் நிதானமாக இருந்து ஒளியை விடுகிறது. நம் ஆய்வுக்கூடங்கள் வழக்கமாக உண்டாக்கும் வெற்றிடத்தைவிட வெறுமையான ஒன்றைத்தான் நாம் மேகம் என்கிறோம். இருபது ஒளியாண்டுக்கும் மேல் அகலம் இருப்பதால் அந்த வெறுமையே கண்ணுக்குத் தெரியும்படி திரண்டு நிற்கிறது.

நீலத்துக்குக் காரணம் வேறு. கார்த்திகைக் கூட்டத்தை நீண்ட நேரம் படம் எடுத்தால் ஆறு நட்சத்திரங்களைச் சுற்றியும் நீலப் புகை தெரியும். அங்கே வாயு தானாக ஒளிரவில்லை. பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியைத் தூசு சிதறடிக்கிறது, நீலம் கூடுதலாகச் சிதறுகிறது. கார்த்திகைப் பெண்கள் பிறந்த மேகத்தின் மிச்சம் அது என்றுதான் முன்பு நினைத்தார்கள். இல்லை. அவர்கள் போகிற வழியில் குறுக்கிட்ட தூசு.

இவ்வளவு நிறம் இருந்தும் அக்கா மகன் கண்ணுக்கு ஏன் சாம்பலாகத் தெரிந்தது? நம் விழித்திரையில் இரண்டு வகை செல்கள். நிறம் பிரிக்கிற கூம்புகளுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். மங்கலில் வேலை செய்கிற கோல்களுக்கு நிறம் தெரியாது. அதிலும் 656 நானோமீட்டர் சிவப்பு என்றால் கோல்களுக்கு ஏறக்குறைய இருட்டு. ஆக்சிஜனின் பச்சை மட்டும் அவை நன்றாக உணரும் இடத்துக்கு அருகில் விழுகிறது. பெரிய தொலைநோக்கியில் பார்த்தவர்கள் சிலர் ஓரியனில் வெளிர்பச்சை தெரிந்தது என்று சொல்வது அதனால்தான். கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்துவைக்கிறது, சிவப்பும் சேர்ந்துவிடுகிறது. ஆகவே அந்தச் சிவப்பு பொய்யில்லை. அங்கே இருக்கிறது, நம் கண்ணுக்கு எட்டவில்லை.

ஆனால் எல்லாப் படத்துக்கும் இந்தப் பதில் செல்லாது. 1995-ல் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவெனும் ஹபிள் தொலைநோக்கியால் கழுகு நெபுலாவின் தூண்களை எடுத்தார்கள். 'படைப்பின் தூண்கள்' என்று உலகம் முழுக்கச் சுற்றிய படம். அதில் கந்தகத்துக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுத்திருந்தார்கள். ஹைட்ரஜன் சிவப்பு என்று இப்போதுதானே சொன்னேன்? கந்தகத்தின் ஒளியும் சிவப்புதான், 672 நானோமீட்டர் வாக்கில். இரண்டையும் அசல் நிறத்தில் விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அதற்காக ஒன்றை நகர்த்தி வைத்தார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு, அதற்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. குறைந்த அலைநீளத்துக்கு நீலம், நீண்டதற்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் கொடுக்கிறார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்த நிறம் எந்த வாயு என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் படங்களில் கண் செய்ய முடியாத வேலை நடந்திருப்பது புரியும். என் வருத்தம் அதைப் பகிர்கிறவர்கள்மேல். விஞ்ஞானிகள் நிற விளக்கத்தைப் படத்தோடு சேர்த்தே தருகிறார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்வதற்குள் அது உதிர்ந்துபோய், 'கடவுளின் கண், மூவாயிரம் வருடத்துக்கு ஒருமுறைதான் தெரியும், பத்து பேருக்கு அனுப்புங்கள்' என்று மாறியிருக்கிறது. அது ஹீலிக்ஸ் நெபுலா. சுமார் 650 ஒளியாண்டு தூரத்தில், சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் ஆயுள் முடிந்து உதிர்த்த வாயு. வருடா வருடம், இருட்டான இடத்தில் பைனாகுலருக்கே அகப்படும். உண்மையே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?

நிறத்தைப் பற்றிச் சொல்லியாயிற்று. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். நட்சத்திரம் பிறப்பது அந்த நிறத்துக்குள் இல்லை. நிறம் வருகிற சமயத்தில் முதல் பிரசவம் முடிந்துவிட்டது. பிறந்த நட்சத்திரத்தின் சூட்டில் மேகத்தின் ஓரம் வெந்து ஒளிர்கிறது, அவ்வளவுதான். ஓரியன் நெபுலா என்று நாம் பார்ப்பது ஒரு பெரிய கருத்த மேகத்தின் நம்மைப் பார்த்த பக்கத்துத் தோல். சின்னத் தொலைநோக்கியில் அந்த நான்கு நட்சத்திரங்களுக்கு அருகே ஒரு கருப்பு நாக்கு ஒளிக்குள் நீண்டு வருவது தெளிவாகத் தெரியும். கண் அந்த ஒளியிலேயே போய் நிற்கும். கொஞ்சம் பிடிவாதமாகக் கருப்புக்கு இழுத்து வர வேண்டும். தூசு கனத்து நிற்கிற இடம் அது. இந்த நெபுலாவுக்குப் பின்னால் இருக்கிற கருத்த மேகத்தில்தான் 1960-களில் பெக்லினும் நாய்கபவரும் அகச்சிவப்புக் கருவியைத் திருப்பி, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு பிரகாசமான பொருளைக் கண்டார்கள். இன்னும் தூசிப் போர்வைக்குள் இருக்கும் இளம் நட்சத்திரம்.

கருத்த மேகத்துக்குள் குளிர் மைனஸ் 263 டிகிரி அளவில் இருக்கும். பிறப்புக்கு அந்தக் குளிர் வேண்டும். சூடான வாயு விலகி ஓடும். குளிர்ந்த வாயுதான் தன் எடைக்குத் தானே பணிந்து உள்ளே சரியும். சரியச் சரிய நடுவில் சூடேறி, ஒரு கோடி டிகிரி வரும்போது ஹைட்ரஜன் ஹீலியமாகத் தொடங்குகிறது. சூரியன் அளவு நட்சத்திரத்துக்கு ஆரம்பச் சரிவு சில லட்சம் ஆண்டு, முழு நட்சத்திரமாக நிலைக்கச் சில கோடி ஆண்டு.

இருட்டுத் திட்டுகளை வெகுகாலம் வானத்தில் இருக்கும் ஓட்டைகள் என்றே எண்ணினார்கள். அவற்றைக் குறித்துவைத்த ஆரம்ப ஆட்களில் ஒருவர் கியோம் லெ ஜான்தி. அன்னம் விண்மீன் கூட்டத்தில் அவர் கண்ட கருந்திட்டு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. நம் புதுச்சேரியோடு அவருக்கு உள்ள தொடர்பைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதை அளக்க 1760-ல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில். 1761 கடப்பு நடந்தபோது அவர் ஆடுகிற கப்பலில் இருந்தார், அளக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருடம் கழித்து. திரும்பிப் போகாமல் இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றிக் காத்திருந்தார். 1768-ல் புதுச்சேரியில் இடிபாடுகளின் மேல் ஆய்வகம் கட்டிக்கொண்டார். அந்த ஊரின் தை, மாசி இரவுகளைப் பற்றி, நேரில் பார்க்காதவர்களால் கற்பனை செய்ய முடியாத அழகு என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். 1769 ஜூன் 4 விடியற்காலை, சரியாக அந்த நேரத்துக்கு மழைமேகம் வந்து சூரியனை மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் வந்தது.

வந்த காரியம் கெட்டாலும் அவர் வெறுங்கையோடு போகவில்லை. சோழிகளை வைத்துக் கணக்குப் போட்டு கிரகணம் குறிக்கும் தமிழர் முறையை அங்கே ஒருவரிடம் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகவும், ஐரோப்பாவில் அன்று பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகவும் சொல்லியிருந்தன. அதையும் ஒளிக்காமல் எழுதிவைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1919-ல் அமெரிக்காவில் எட்வர்ட் பார்னார்ட் 182 கருந்திட்டுகளைப் பட்டியல் போட்டார். அவை ஓட்டைகள் இல்லை, மறைக்கிற தூசு என்ற எண்ணம் மெல்ல வேர்பிடித்தது. 1947-ல் ஹார்வர்டில் பார்ட் பாக் என்ற வானியலாளரும் எடித் ரைலியும், ஒளிரும் நெபுலாக்களின் முன்னால் தெரியும் சின்னச் சின்னக் கரிய உருண்டைகள் நட்சத்திரக் கருக்களாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பாக் உருண்டைகள் என்றே இப்போது பெயர்.

அடுத்த இரண்டே வருடத்தில் அதே பார்ட் பாக்கின் பெயரோடு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு ஒட்டிக்கொண்டது. 1949-ல் ஹார்வர்டுக்குப் படிக்கப் போயிருந்த, மெட்ராஸில் பிறந்த வைணு பாப்பு, தான் எடுத்த வானப் படத் தகட்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். பாக்கும் நியூகிர்க் என்ற மாணவரும் அதைச் சரிபார்த்தார்கள். பாப்பு-பாக்-நியூகிர்க் என்று மூவர் பெயரும் அதற்கு. அந்தப் பாப்புதான் 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக நம் மலைக்கு வந்தார். 1979-ல் உலக வானியல் சங்கத்தின் தலைவரானார். 1982-ல் காலமானார். அடுத்த வருடம் பாக்கும் போய்விட்டார். உருண்டைகளுக்குள் நிஜமாகவே பிறக்கப்போகும் நட்சத்திரங்கள் இருக்கின்றன என்று அகச்சிவப்பு ஆய்வுகள் காட்டியது 1990-ல். இருவரும் இருந்து பார்த்திருக்கலாம்.

ஒரு தமிழ்ப் பெயரும் இந்தக் கருத்த மேகங்களுக்குள் இருக்கிறது. மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். அவரைக் கருந்துளையோடும் நோபல் பரிசோடும் சேர்த்துத்தான் நாம் பேசுகிறோம். 1953-ல் என்ரிகோ ஃபெர்மியோடு சேர்ந்து அவர் செய்த ஒரு சின்னக் கணக்கு இன்றும் நட்சத்திரப் பிறப்பு ஆய்வில் அன்றாடம் புழங்குகிறது. மேகத்தின் வழியே காந்தப்புலம் ஓடுகிறது. தூசித் துகள்கள் அதற்கேற்பத் திரும்பி நிற்பதால், அவற்றைத் தாண்டி வரும் நட்சத்திர ஒளியைப் பார்த்தே புலத்தின் திசையைச் சொல்லிவிடலாம். எவ்வளவு வலுவான புலம் என்பதை எப்படிச் சொல்வது? சின்னாளபட்டித் தறியில் பாவை இழுத்துக் கட்டியிருந்தால் நூல் அலையாது, தளர்ந்திருந்தால் நெளியும். அதேபோல மேகத்தின் கொந்தளிப்பில் புலக்கோடுகள் எவ்வளவு நெளிகின்றன என்று பார், அதிலிருந்து வலுவைக் கணக்கிடு என்றார்கள். மேகம் எவ்வளவு சுலபமாகச் சரியும் என்பதில் இந்தக் காந்தப்புலத்துக்கும் ஒரு பங்கு இருப்பதால், நட்சத்திரம் பிறக்குமா பிறக்காதா என்ற கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ள எண் அது.

பாப்பு கொடைக்கானலுக்கு வந்த பிறகு ஒன்றைப் பார்த்தார். மலை சூரியனுக்கு நல்ல இடம், இரவு வானத்துக்குச் சரிப்படவில்லை, மேகம் அதிகம். இரவு ஆய்வகத்துக்கு இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைப் பிடித்தார். 1968-ல் முதல் தொலைநோக்கி, 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி, அவர் மறைந்த பின் 1986-ல் அவர் பெயரிலேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி. வடக்கே எத்தனையோ மலைகள் இருக்க தமிழ்நாட்டில் நின்றதற்கு ஒரு காரணம், இங்கிருந்தால் தென்வானமும் கிடைக்கும் என்பது.

நம் ஊர்க்காரர்கள் இதை உணர வேண்டும் என்று விரும்புகிறேன். தாடிக்கொம்பு பூமத்திய ரேகைக்குப் பத்தரை டிகிரி வடக்கே இருக்கிறது. பாரிஸிலும் லண்டனிலும் ஒருநாளும் அடிவானத்துக்கு மேலே வராத கரீனா நெபுலா நமக்கு இருபது டிகிரி உயரத்துக்கு எழும்பும். டெல்லியில்கூட அது அடிவானத்தை ஒட்டி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். ஓரியனைவிட அகலத்திலும் பிரகாசத்திலும் பெரியது. 1752-ல் அதைக் குறித்துவைத்த லக்காயே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்காக ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குள் ஈட்டா கரீனே என்றொரு நட்சத்திரம் இருக்கிறது. 1843-ல் அது வெடித்துச் சீறி, வானத்திலேயே சிரியஸுக்கு அடுத்த பிரகாசமாகச் சில காலம் நின்றது. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப்பின் முதல் படங்களில் ஒன்றாக வந்த, மலைமுகடு போன்ற அந்தச் செம்மண் நிறப் படம் இந்தக் கரீனாவின் ஒரு ஓரம்தான்.

பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் ஒன்பது, பத்து மணிக்கு நேர் தெற்கே பாருங்கள். திரிசங்கு என்கிற நட்சத்திரக் கூட்டம் எழும்பி நிற்கும். மேற்கே சாய்ந்துகொண்டிருப்பது அகத்தியர் நட்சத்திரம். இரண்டுக்கும் நடுவே, திரிசங்குக்குக் கிட்டத்தில், பைனாகுலரில் பால் திட்டு ஒன்று அகப்படும். அதுதான் கரீனா. திரிசங்குவை ஒட்டினாற்போல் பால்வீதியில் ஒரு கருப்புப் பள்ளம் தெரிகிறதா? நிலக்கரிப் பை என்கிறார்கள், சுமார் 600 ஒளியாண்டு தூரத்துக் கருத்த மேகம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் நட்சத்திரங்களைச் சேர்த்து உருவம் பார்த்ததோடு நிற்காமல் இருட்டிலும் உருவம் பார்த்தார்கள். அவர்களுக்கு இது வானத்து ஈமு பறவையின் தலை.

தாடிக்கொம்பில் நின்று இதைப் பார்ப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஓரியனுக்குப் பிரச்சினையில்லை, அது தலைக்கு மேலே போகிறது. ஆனால் தெற்கே இருப்பது திண்டுக்கல். ஊரின் வெளிச்சம் அடிவானத்திலிருந்து எழும்பிச் சரியாக இந்த இருபது டிகிரியைத்தான் தின்கிறது. பால் திட்டையாவது போராடிப் பிடித்துவிடலாம். நிலக்கரிப் பை தெரியவே தெரியாது. வெளுத்த வானத்தில் கருப்பு எப்படித் தெரியும்? கருத்த மேகம் ஒன்றை வெறுங்கண்ணால் பார்க்க நமக்குக் கிடைத்த வழி அது. தெருவிளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ராத்திரி தனியாக நடந்து வீட்டுக்கு வருகிற பெண்களுக்கு அது எவ்வளவு அவசியம் என்று தெரியும். விளக்கின் மேல்பக்கத்தை மூடி, வெளிச்சத்தைத் தரையில் மட்டும் விழச் செய்தால் தெருவுக்கும் கூடுதல் வெளிச்சம், மின்சாரமும் மிச்சம். லடாக்கில் ஹன்லே கிராமங்களைச் சுற்றி 2022-ல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். சந்திரசேகர் பெயரில் இரண்டு மீட்டர் தொலைநோக்கி இருக்கிற இடம் அது. வீடுகளில் ஜன்னல் திரை போட்டு, விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, அந்த ஊர்க்காரர்களே வானத்தைக் காக்கிறார்கள். தமிழக அரசும் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. தாடிக்கொம்பிலும், சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் புது எல்.இ.டி. விளக்கு போடும்போதே மூடி போட்டதாக வாங்கினால் தனிச் செலவு பெரிதாக வராது. அடுத்த கிராமசபையில் இதைக் கேட்கப்போகிறேன். உங்கள் ஊரில் நீங்களும் கேளுங்கள்.

அக்கா மகனுக்கு ஓரியனின் கருப்பு நாக்கைக் காட்டியாயிற்று. சித்திரை அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை திண்டுக்கல்லைத் தாண்டித் தெற்கே, விளக்கில்லாத ஒரு தோட்டத்துக்குப் போவதாக இருக்கிறோம். வர நினைக்கிறவர்கள் எட்டரைக்கு முன் வந்துவிடுங்கள், கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது வேண்டும். செல்போன் திரையைத் தட்டாமல் இருக்க வேண்டும், டார்ச் கொண்டுவந்தால் கண்ணாடியில் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். 10×50 பைனாகுலர் ஒன்று நான் எடுத்து வருகிறேன்.